இறுகும் சூடு

கல்கத்தாவில் எங்கள் லேக் மார்க்கெட் தமிழர்களிடம் வத்சலாவைப் பற்றி யார் கேட்டாலும், "அவளா, பாவம், கொஞ்சம் ஒரு மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெஹாலாவில் தனியாக ஒரு ஃபிளாட்டில் இருக்கிறாள். துர்கா பூஜை விடுமுறையில் ஊரே புதுப்புடவை கட்டிக்கொண்டு பந்தல் பந்தலாகச் சுற்றும்போது, இவள் மட்டும் பூட்டிய ஆராய்ச்சிக்கூடத்தைத் திறந்துகொண்டு போய் உட்காருகிறாள். அவ்வளவுதானே. ஏன் உட்காருகிறாள் என்று ஒருத்தராவது அவளிடம் கேட்டிருப்பார்களா? நான் கேட்டேன். அதற்கு முழுப் பதில் கிடைக்க எனக்கே பல வருஷம் ஆனது என்பது வேறு விஷயம்.

நானும் அவளும் ஒரே வீட்டின் மேல் மாடியிலும் கீழ் மாடியிலும் வளர்ந்தவர்கள். அவள் அப்பா ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோகிராபராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் இன்ஷூரன்ஸ் ஆபீசில் சேர்ந்தேன். அவள் வேதியியல் படித்து, தெற்குக் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையும் பார்த்துக்கொண்டு, டாக்டர் பட்டத்துக்கும் பதிவு செய்தாள். அம்மா முன்பே போய்விட்டாள். தொண்ணூற்றாறில் அப்பாவும் போனார். அண்ணன் அனந்தகிருஷ்ணன் சென்னையோடு ஐக்கியமாகிவிட்டவன். இவள் அப்பாவின் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு பெஹாலாவுக்குக் குடிபோனாள். அந்த ஃபிளாட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஒரு நாற்காலி. நான் போனால் கட்டிலில்தான் உட்கார வேண்டும்.

அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. ஒரு கார்த்திகைக்கு என் வீட்டில் பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தபோது, "எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்டி, அப்படி என்னதான் பண்றே அங்கே?" என்று அதட்டினேன்.

வாணலியைக் காட்டினாள். "இந்தப் பாகு ஆறினா இறுகறது இல்லையா? கல்கண்டு மாதிரி வரிசையா அடுக்கிண்டு இறுகலை. எது எங்கே இருந்துதோ அங்கேயே அப்படியே நின்னுடறது. அதுக்குத்தான் கண்ணாடி நிலைன்னு பேரு. பிளாஸ்டிக்கும் அப்படித்தான். உள்ளே சேவை மாதிரி நீளநீளமா இழை, ஒண்ணோட ஒண்ணு சிக்கிண்டு. சூடா இருக்கறவரைக்கும் நெளியும். ஆறினா நின்னுடும். எந்தச் சூட்டுல நிக்கறது, அதைத்தான் நான் அளக்கறேன்."

"அதுக்கா இத்தனை வருஷம்?"

"அதுல பொடி கலக்கறேன். சிலிக்கா. நானோன்னு சொல்றா, கண்ணுக்கே தெரியாத நைஸ். அந்தப் பொடியை இழைக்குப் பிடிச்சா ஒட்டிக்கும். ஒட்டிண்டா நெளிய முடியாது, இறங்கற வழியிலேயே, நல்ல சூடா இருக்கறச்சயே இறுகிடும். பிடிக்கலேன்னா விலகி நிக்கும், தாராளமா நெளிஞ்சிண்டிருக்கும். இன்னும் ஆறினாத்தான் இறுகும்."

"துளிப் பொடிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"

"பொடி சின்னது, ஆனா எண்ணிக்கை ஜாஸ்தி நாகு. எந்த இழையை எடுத்தாலும் பக்கத்துல ஒரு பொடி இருந்துண்டே இருக்கும்."

"கொடுத்துவெச்ச இழை. பக்கத்துல எப்பவும் ஒருத்தர் துணைக்கு" என்றேன் விளையாட்டாக. அவள் சிரிக்கவில்லை. உருண்டை பிடிக்கக் கையில் நெய் தடவிக்கொண்டாள். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

தொண்ணூற்றெட்டு செப்டம்பரில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வங்காளிகளுக்கு இயந்திரங்களைக் கும்பிடும் நாள் விஸ்வகர்மா பூஜை. அன்று தொழிற்சாலையானாலும் ஆராய்ச்சிக்கூடமானாலும் எந்த மெஷினும் ஓடாது. கூடத்தின் உதவியாளர் நிமாய்தா, பெருக்குவதிலிருந்து கேஸ் சிலிண்டர் மாற்றுவதுவரை எல்லாம் பார்ப்பவர், ஒவ்வொரு மெஷினையும் அணைத்துக் குங்குமம் வைத்துச் செம்பருத்தி சார்த்திக்கொண்டே வந்தார். வத்சலாவைவிட வயதில் மூத்தவர்தான். ஆனாலும் அவளை 'திதி', அதாவது அக்கா என்றே கூப்பிடுவார். இவள் பாதி அளவெடுத்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் மெஷினை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, எரிச்சலை மறைக்க ஏதோ பேச்சுக் கொடுத்தாள்.

"எங்களுக்கு இது இன்னிக்கு இல்லை நிமாய்தா, நவமி அன்னிக்கு. அன்னிக்கு ஆயுதம் எதையும் தொட மாட்டோம். தசமி காலையில திரும்ப எடுப்போம். அப்பா டைப்ரைட்டருக்குப் பொட்டு வெச்சு மூடிடுவார். அவர் போனப்புறம் யார் பண்றா? ஒருத்திக்கு எதுக்குப் பூஜைன்னு நானும் விட்டுட்டேன்."

சொன்னவள் அப்போதே மறந்துவிட்டாள்.

அடுத்த வாரமே பூஜை விடுமுறை. நவராத்திரிக்கு வா, கொலு பார்த்துவிட்டுப் போ என்று அண்ணன் கூப்பிட்டிருந்தான். அதிசயமாகக் கூப்பிட்டான். பொடி கலந்த பிளாஸ்டிக் படலங்களை அவள் அப்போதுதான் தயார் செய்திருந்தாள். பிளாஸ்டிக்கை டொலுவீனில் கரைத்து, பொடியைக் கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிப் படலமாக்குவார்கள். அந்த டொலுவீன் துளிகூட மிச்சமில்லாமல் போக வேண்டும். மிச்சமிருந்தால் எண்ணெய் விட்ட மாவு மாதிரி பிளாஸ்டிக் இளகிவிடும், அளவு பொய் சொல்லும். அதற்காக உலர்த்தும் பெட்டி என்று ஒன்று. உள்ளே சூடு வைத்து, வெளியே ஒரு பம்பு இரவும் பகலும் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விடுமுறையில் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், படலங்கள் நிதானமாக உலரட்டும் என்று ஓடவிட்டுவிட்டு, தினமும் வந்து பார்க்கும் பொறுப்பை நிமாய்தாவிடம் கொடுத்தாள்.

லோட்ஷெட்டிங் ஊர். கரண்ட் போனால் பம்பின் எண்ணெய் பெட்டிக்குள் ஏறிவிடும். அதனால் முதலில் பெட்டிக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள வால்வை மூடவேண்டும் என்று அவருக்கு எப்போதோ சொல்லிக்கொடுத்திருந்தாள். மூடுவதை மட்டும்தான். கரண்ட் வந்ததும் பம்பு சீராக ஓடுகிறதா என்று பார்த்து, நிதானமாகத் திறப்பது அவள் வேலை. வேறு யாரையும் தொடவிட மாட்டாள். விடுமுறையில் கரண்ட் போகாது, பூஜைக்கு ஊர் முழுக்க விளக்கு எரிய வேண்டுமே என்ற நம்பிக்கையில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறினாள்.

அண்ணன் வீட்டில் என்ன நடந்ததோ, முழுசாகச் சொல்லவில்லை. "எல்லாரும் நன்னா பேசினா. எந்த அலமாரில டம்ளர் இருக்குன்னு ஒவ்வொரு தடவையும் கேட்டுண்டிருந்தேன்" என்றாள். எனக்கு அது போதும்.

அவள் திரும்பிவந்த காலையில் ஆராய்ச்சிக்கூடத்தில் கரண்ட் இல்லை. பம்பு நின்றிருந்தது, வால்வு மூடியிருந்தது. கரண்ட் போனதும் நிமாய்தா மூடியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். பம்புக்குப் பின்னால் ஒரு செம்பருத்தி வாடிக் கிடந்தது. விஸ்வகர்மா பூஜையில் விழுந்தது என்று எடுத்துப் போட்டாள். உலர்ந்தாயிற்று என்று படலங்களை வெளியே எடுத்தாள். "எல்லாம் ஒழுங்கா ஓடித்தா நிமாய்தா?" என்று கேட்டாள். "ஒரு குறையும் இல்லை திதி" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக.

பொடி இல்லாத வெறும் படலத்தை அவள் ஆகஸ்டிலேயே உலர்த்தி அளந்து வைத்திருந்தாள். இப்போது பொடி கலந்ததை அளந்தால், இறுகும் சூடு பத்துப் பன்னிரண்டு டிகிரி கீழே இறங்கியிருந்தது. அந்தப் பிளாஸ்டிக்குக்கும் அந்தப் பொடிக்கும் ஒத்துப்போகும், ஒட்டிக்கொள்ளும், சூடு ஏறத்தான் வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடம் அது. அவளுடைய வழிகாட்டி டாக்டர் பாதுரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம்.

"டொலுவீன் மிச்சம் இருக்குமோ?" என்று மட்டும் கேட்டார். எடை குறைவதை வைத்து அதைச் சோதிக்கும் மெஷின் பழுதாகி, வெளிநாட்டிலிருந்து உதிரிபாகம் வரவேண்டும் என்று கிடந்தது. "விடுமுறை பூரா பம்பு நிக்காம ஓடியிருக்கு சார், எப்படி மிச்சம் இருக்கும்?" என்றாள் இவள். இன்னொரு தடவை செய்துபார்த்துவிட்டு எழுதலாம் என்றும் சொன்னாள். அவருக்கு அவசரம். வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்று பயம். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் இரண்டு பேர் பெயரும் போட்டு அச்சாகிவிட்டது. நிமாய்தா கரியாஹாட்டிலிருந்து சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்து கூடம் முழுக்கக் கொடுத்தார். என் வாழ்நாளில் வத்சலா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஒரு குளிர்காலம்தான். என் வீட்டுக்கு வந்தால் வாய் ஓயாமல் பேசுவாள்.

அப்புறம் மறுபடி செய்தாள். இறங்கவில்லை. கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. இன்னொரு தடவை செய்தாள். அதே கதை. பழைய படலங்களில் ஒரு சில்லுகூட மிச்சமில்லை, எல்லாவற்றையும் அளந்தே தீர்த்திருந்தாள். எடை பார்க்கும் மெஷின் சரியாகி வந்தபோது சோதிக்க ஒன்றுமில்லை. எங்களுக்கு வரவில்லையே, நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்று ஜெர்மனியிலிருந்தும் கொரியாவிலிருந்தும் கேட்டார்கள். அச்சானது உண்மையா பொய்யா என்று தெரியாமல் அதன்மேல் பட்டம் வாங்க மாட்டேன் என்று ஆய்வேட்டை அவள் முடிக்கவே இல்லை. பதிவுக் காலம் முடிந்துபோனது. பாதுரி முதலில் கோபப்பட்டார், பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். கூடப் படித்தவர்கள் அமெரிக்கா போனார்கள். இவள் டெக்னிக்கல் அசிஸ்டெண்டாகவே நின்றுவிட்டாள்.

அந்த முதல் தடவை பூஜை விடுமுறையில்தானே உலர்த்தினோம், அதே மாதிரி, அதே காலத்தில், அதே ஈரக்காற்றில் செய்துபார்ப்போம் என்று ஒவ்வொரு வருஷமும் ஆரம்பித்தாள். அந்தத் தடவை மாதிரி ஊருக்குப் போகாமல், பம்பை விட்டு நகராமல், தானே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். வெளியே சஷ்டியிலிருந்து தசமிவரை மேளம் அதிரும். உள்ளே பம்பு சத்தமும் இவளும். அண்ணன் இரண்டு வருஷம் கூப்பிட்டான், பிறகு விட்டுவிட்டான். கல்கத்தா கொல்கத்தாவாக மாறியது. என் பெண் மது கல்லூரிக்குப் போய், தமிழைவிட வங்காளம் நன்றாகப் பேசுகிறவளானாள். வத்சலாவுக்கு மட்டும் அதே பம்பு. எனக்கு ஆத்திரமாக வரும். "போதும்டி, விட்டுத்தொலை" என்று கத்தியிருக்கிறேன். "அது நெஜமான்னு மட்டும் தெரிஞ்சா போதும் நாகு. வேற ஒண்ணும் வேண்டாம்" என்பாள்.

இரண்டாயிரத்து ஆறு நவமியன்று, வீட்டில் சரஸ்வதி பூஜை முடித்து, சுண்டலை டிபன் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு, காளிகாட்டிலிருந்து ஆட்டோ மாறி மாறி அவளுடைய கூடத்துக்குப் போனேன். உள்ளே நிமாய்தாவும் இருந்தார். அந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார். பந்தலிலிருந்து பிரசாதம் கொண்டுவந்திருந்தார். வங்காளத்தில்தான் பேசினார்கள், நான் தமிழில் சொல்கிறேன்.

நிமாய்தா ஓடுகிற பம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே திதி? இன்னிக்கு உங்க பூஜை நாள். இதை நிறுத்தக் கூடாதா? வருஷா வருஷம் பார்க்கறேன், நீங்களே இருக்கீங்களே, நீங்களே பண்ணுவீங்கன்னு நினைப்பேன். பண்ணவே மாட்டேங்கறீங்க. நீங்க ஊருக்குப் போன வருஷம் நான் பண்ணினேன்."

வத்சலா சுண்டல் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். "என்ன பண்ணினீங்க?"

"நீங்கதானே சொன்னீங்க, அப்பா போனப்புறம் பண்ண ஆள் இல்லைன்னு. கேட்க மனசுக்குக் கஷ்டமா இருந்தது. நவமி காலையில குளிச்சிட்டு வந்து, பம்பையும் பெட்டியையும் அணைச்சு, பொட்டு வெச்சு, பூ வெச்சு, உங்க பேரைச் சொல்லி வேண்டிக்கிட்டேன். தசமி காலையில எடுக்கணும்னு சொன்னீங்களே, அதேமாதிரி தசமிக்கு வந்து ரெண்டையும் போட்டேன். பூஜையைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னுதான் சொல்லலை."

"வால்வு?"

"முதல்ல அதைத்தானே மூடச் சொல்லியிருக்கீங்க. மூடிட்டுத்தான் அணைச்சேன்."

"தசமி அன்னிக்குத் திறந்தீங்களா?"

நிமாய்தா சிரித்தார். "அது உங்க வேலை ஆச்சே. அதுல நான் கை வைப்பேனா?"

எனக்கு விஞ்ஞானம் தெரியாது. ஆனால் வத்சலாவின் முகத்தைப் பார்க்கத் தெரியும். வால்வு மூடியே இருந்திருக்கிறது. தசமியிலிருந்து பம்பு வெறுமனே ஓடியிருக்கிறது, பெட்டிக்குள்ளிருந்து ஒன்றையும் உறிஞ்சவில்லை. டொலுவீன் உள்ளேயே தங்கி, பொடியைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக்கை இளக்கியிருக்கிறது. இறங்கிய அந்தச் சூடு வெறும் டொலுவீன். அத்தனை வருஷமும், ஒவ்வொரு நவமியும், இவள் தானே காவல் காத்து, பம்பை நிற்கவிடாமல் ஓட்டியிருக்கிறாள்; சூடு மறுபடி எப்படி இறங்கும்?

நான் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். வலித்தது.

பிறகு எழுந்துபோய் வால்வை மூடினாள். பம்பை அணைத்தாள். அந்தக் கூடத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. "வாங்க நிமாய்தா, பொட்டு வையுங்க" என்றாள். அவர் பிரசாதத்தில் இருந்த செம்பருத்தியை எடுத்துப் பெட்டிமேல் வைத்துக் கண்ணை மூடி நின்றார். அவளும் நின்றாள்.

விடுமுறை முடிந்ததும் பாதுரியிடம் போய், படலம் உலரும்போது வால்வைத் திறக்க நான் மறந்துவிட்டேன், கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். "இத்தனை வருஷமா உனக்கு ஞாபகம் வரலையா?" என்று கேட்டாராம். வரவில்லை என்றாளாம். பத்திரிகையில் அவள் பெயரைக் குறிப்பிட்டு, அவள் கவனக்குறைவால் நேர்ந்த பிழை என்று போட்டுத் திரும்பப் பெற்றார்கள். புதிதாக வந்த பிள்ளைகள் கேலிசெய்ய ஆரம்பித்தார்கள். "வத்சலாதி, வால்வு திறந்தாச்சா?" என்பார்களாம். இவளும் சிரித்து வைப்பாளாம்.

கேட்டதும் பெஹாலாவுக்கே போய்ச் சண்டை போட்டேன். "உனக்கு மூளை இருக்கா? அந்த மனுஷன்தான் ஓய்வு வாங்கிண்டு போயாச்சே. வேலையா போயிடப்போறது? நடந்ததை நடந்தபடி சொல்லித் தொலைச்சா என்னடி?"

"அவர் காதுக்குப் போகும்."

"போகட்டுமே."

வத்சலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இந்த ஊர்ல எனக்குன்னு, என் பேரைச் சொல்லி, ஒருத்தர் குளிச்சிட்டு வந்து பூ வெச்சிருக்கார் நாகு. நான் அங்கே அண்ணா ஆத்துல டம்ளரைத் தேடிண்டிருந்த அன்னிக்கு. எனக்கு அது தெரியவே தெரியாது. அதைப் பிழைன்னு எப்படி எழுதச் சொல்றே?"

அழுதாள். அப்பா போனபோதுகூட என் முன்னால் அழாதவள்.

அடுத்த வருஷம் விஜயதசமி கழிந்து, வங்காளிகள் வழக்கப்படி வீடு வீடாகப் பார்க்க வரும்போது, நிமாய்தா பெஹாலா ஃபிளாட்டுக்கும் வந்தார். வீட்டில் செய்த தேங்காய் உருண்டை கொண்டுவந்திருந்தார். நானும் இருந்தேன். இருந்த ஒரே நாற்காலியை அவருக்குப் போட்டுவிட்டு, நாங்கள் இருவரும் கட்டிலில் உட்கார்ந்தோம்.

"உங்க சிநேகிதிகிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று என்னிடம் ஆரம்பித்தார். "நான் பூஜை பண்ணின வருஷம்தான் திதியோட பேர் வெளிநாட்டுப் பத்திரிகையில வந்தது. போன வருஷத்தை விட்டா, அந்த ஒரு வருஷம்தான் நான் பண்ணினேன். அப்புறம் திதியும் பண்ணலை, என்னையும் பண்ண விடலை. பாருங்க, அதுக்கப்புறம் ஒண்ணாவது அச்சாச்சா? நான் சொல்றது சரிதானே திதி?"

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வத்சலா என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப உள்ளே போய்விட்டது.

"சரிதான் நிமாய்தா" என்றாள். தேங்காய் உருண்டையை இரண்டாக உடைத்து எனக்கு ஒரு பாதி கொடுத்தாள். "அடுத்த நவமிக்கு இங்கே வாங்க. அப்பாவோட டைப்ரைட்டர் உள்ளே இருக்கு. அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிட்டுப் போங்க."